வியர்த்துக்கொண்டே இருந்த சீலிங்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். 'அண்ணாந்தார்' என்றால்தான் திரும்புவார். முப்பத்தோரு வருஷமாகப் பெயிண்ட் வேலை. அதிலும் சீலிங் என்றால் ஊரே அவரைத் தேடி வரும். அண்ணாந்து அண்ணாந்து பார்த்ததில் கழுத்து அப்படியே நின்றுபோய்விட்டது என்பார்கள். வழியில் ஒரு எருமை படுத்திருந்தால் தடுக்கி விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அதே எருமை மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தால் ஊரில் முதலில் பார்ப்பவர் அவராகத்தான் இருக்கும்.

கல்யாணம்கூட அவருக்குச் சீலிங் வழியாகத்தான் வந்தது. சட்டை தைக்கிற கம்பெனி ஒன்றில் மேலே வெள்ளை அடித்து முடித்துவிட்டு, மறுநாள் ஏணியை எடுத்துப்போக வந்தார். அண்ணாந்து பார்த்தால், சீலிங்கில் சிவப்பாக ஒரு அம்புக்குறி. தைத்த துணியில் பிசிறு எங்கே, தையல் விட்டது எங்கே என்று காட்ட ஒட்டுவார்களே, அந்த ஸ்டிக்கர். அம்பு காட்டிய இடத்தில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை படாமல் விட்டுப்போயிருந்தது. "யாரு ஒட்டினது?" என்று கேட்டார். செக்கிங் பகுதியிலிருந்து ஒரு பெண், வெட்டு மேஜைமேல் ஏறக் கழற்றிய செருப்பு இன்னும் கையில் இருக்க, "நான்தான். ஏன், தப்பா இருந்தா கிழிச்சிடுங்க" என்றாள். தப்பாக இல்லை. அன்றைக்குத்தான் அண்ணாந்தார் வாழ்க்கையில் முதல்முறையாகக் கீழே பார்த்தார் என்று பிற்பாடு அவரே சொல்லுவார்.

அந்தச் செக்கிங்தான் அவர் மனைவி. இப்போதும் அதே கம்பெனி, அதே மேஜை, அதே சிவப்பு அம்பு. வீட்டிலும் அந்தக் கண்ணுக்கு விடுமுறை கிடையாது.

ஊர்ச் சீலிங்கையெல்லாம் கண்ணாடியாக்கிய மனிதர், சொந்தப் படுக்கையறைச் சீலிங்கை மட்டும் பார்க்கவே இல்லை. பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. தட்டினால் காலி டின் மாதிரி சத்தம் கேட்டது. "என்னங்க, இது என்னைக்காவது தலையில விழப்போவுது" என்று அவள் சொல்லும்போதெல்லாம் "அடுத்த வாரம்" என்பார். எந்த வருஷத்து அடுத்த வாரம் என்று அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ஸ்டூலில் ஏறி, துடைப்பக் கட்டையால் தட்டிப் பார்த்தாள். முறம் அளவுக்கு ஒரு பாளம் பெயர்ந்து வந்தது. அவள் அதற்குத் தப்பினாள், ஸ்டூல் தப்பவில்லை. அது சாய்ந்ததில் அவளும் விழுந்து, தொடை எலும்பு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, நாற்பத்திரண்டு நாள் மல்லாந்தே படுக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்குப் போன பிறகும் ஒன்றரை மாதம் அப்படித்தான். மல்லாந்து படுத்தால் வேறென்ன தெரியும்? சீலிங்தான்.

இரண்டாம் நாள் அவள் இரண்டு தீர்ப்புகள் சொன்னாள். முதல் தீர்ப்பு புருஷனுக்கு.

"நான் வர்ற அன்னைக்கு அந்தச் சீலிங் ஒழுங்கா முடிஞ்சிருக்கணும். பூசி, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு, எல்லாம். இல்லேன்னா வண்டிய நேரா எங்க அக்கா வீட்டுக்கு விடச் சொல்லிடுவேன்."

"உங்க அக்கா வீட்லயா? அங்க இருபத்துநாலு மணி நேரமும் டி.வி. அலறும். உனக்குத் தலைவலி வருமே."

"தலைவலி வரட்டும். தலை இருக்கும்ல?"

அவள் சிரிக்கவில்லை. இருபத்துநாலு வருஷத்தில் திட்டிவிட்டுச் சிரிக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை. அக்கா வீட்டுக்குப் போனால் கால் சரியாகும். ஆனால் திரும்பி வருவாளா, வந்தாலும் பழையபடி இருப்பாளா என்பதற்கு எந்த டாக்டரிடமும் பதில் கிடையாது.

இரண்டாம் தீர்ப்பு அவள் தம்பிக்கும் சேர்த்து. தம்பி கொத்தனார். அக்கா புருஷனோடு நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு புது வீட்டில் தம்பி பூசிய சீலிங்கை அண்ணாந்தார் அண்ணாந்து பார்த்து, வீட்டுக்காரர் காதுபட, "இதுல தலைகீழா நாத்து நடலாம் போலிருக்கே" என்று சொல்லிவைத்தார். "எங்க கையில தப்பு இல்லேன்னா பட்டி பாக்கறவங்க பட்டினிதான் கிடக்கணும்" என்று கொத்தனார் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் அவள்தான் தபால். 'உங்க தம்பிகிட்ட சொல்லு', 'மாமாகிட்ட சொல்லுக்கா' என்று நாலு வருஷம் ஓடிவிட்டது.

"இனிமே நான் யார்கிட்டயும் எதையும் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "காலைக் கட்டித் தொங்க விட்டிருக்காங்க. தபாலாபீஸ் மூடியாச்சு. வாய் இருக்கறவங்க நேரா பேசிக்குங்க."

இருவரும் தலையாட்டினார்கள். பேசிக்கொள்ளவில்லை.

ஆனாலும் தம்பி மறுநாளே கரணையும் சட்டியுமாக வந்து நின்றார். அக்காவுக்கான வேலை. பழைய பூச்சை முழுக்கத் தட்டி இறக்கினார். உள்ளே கான்கிரீட்டைக் கொத்திவிட்டு, சிமெண்ட் பால் அடித்து, நாலாம் நாள் புதுப் பூச்சு ஏற்றினார். அண்ணாந்தார் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வைக்கே சத்தம் உண்டு.

கொத்தனார் ஏணியிடம் சொன்னார்: "சிலபேர் கீழ நின்னு முறைச்சா கரணை நடுங்கத்தான் செய்யும்."

அண்ணாந்தார் அதே ஏணியிடம் சொன்னார்: "நடுங்காத கரணைய நானும் இன்னும் பாக்கல."

ஏணி பாவம், மரத்தால் ஆனது, பொறுத்துக்கொண்டது.

பூச்சு முடிந்தது. அழகாக இருந்தது என்று சொன்னால் பொய். கரணை திரும்பிய இடமெல்லாம் வரி, மணல் பருக்கள், ஊசித் துளைகள், ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில் கை ஓய்ந்துபோய் லேசாக ஒரு தொப்பை. ஆனால் இதெல்லாம் அண்ணாந்தாருக்குப் பொருட்டே இல்லை. சுரண்டலாம், தேய்க்கலாம், பட்டி மாவு இழைத்துப் பள்ளத்தை மறைக்கலாம். ஒன்றே ஒன்று வேண்டும்: பூச்சு காய வேண்டும். ஈரச் சீலிங்கில் பட்டி வைத்தால் ஒரே மாதத்தில் அப்பளமாகப் பொரிந்து, படுத்திருப்பவள் முகத்திலேயே விழும்.

காய்ந்ததா என்று பார்க்க அவருக்கு ஒரு வழி உண்டு. கைக்குட்டை அளவுக்குப் பாலித்தீன் தாளைச் சீலிங்கில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிடுவார். மறுநாள் தாளின் உள்பக்கம் உலர்ந்திருந்தால் வேலை தொடங்கலாம். முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

புதுப் பூச்சு வெடிக்காமல் இறுக, ஒரு வாரம் தினமும் நனைத்துத் தண்ணீர் காட்ட வேண்டும். அது கொத்தனார் பாடு. அந்த வாரம் முடிந்ததும், பதின்மூன்றாம் நாள், அண்ணாந்தார் தாளை ஒட்டினார். வியர்த்தது. சரி, புதுசுதானே என்று விட்டார். பதினாலாம் நாளும் வியர்த்தது. ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்தார். மேஜை ஃபேனைச் சீலிங்கைப் பார்க்கத் திருப்பி ஓடவிட்டார். பதினைந்து, பதினாறு, பதினேழு. தாள் வியர்க்கிற வியர்வையைப் பார்த்தால் அதற்குத்தான் கல்யாண வயதில் நாலு பெண்கள் இருக்கிறார்களோ என்று தோன்றும்.

இதில் வேறு விசித்திரங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தால் ஜன்னல் சாத்தியிருக்கும். காற்று சாத்துகிறது என்று நினைத்து ஜன்னல் கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டினார். மறுநாள் கயிறு அழகாகச் சுருட்டி ஜன்னல் திட்டில் வைத்திருந்தது. காற்று கயிறு சுருட்டுமா என்று அவர் யோசிக்கவில்லை. மேலே பார்த்தபடியே வாழ்ந்தவர், ஜன்னல் திட்டை எங்கே பார்த்தார்? ஃபேன் நின்றிருக்கும். கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி போடுவார்.

இருபதாம் நாள் அவருக்கு வேறு பயம் பிடித்தது. மொட்டைமாடியில் தளம் விரிந்து தண்ணீர் இறங்குகிறதோ? அப்படியென்றால் பூச்சையெல்லாம் மறுபடி பிரிக்க வேண்டும், மாடித் தளத்தை உடைக்க வேண்டும், நாற்பத்திரண்டு நாள் என்ன, நானூறு நாளும் போதாது. மாடியில் ஏறி நாலு கால்களால் தவழ்ந்து ஒவ்வொரு அங்குலமாகத் தேடினார். ஒரு விரிசல் இல்லை. இருந்தாலும் தார்ப்பாய் வாங்கி விரித்தார். வெயில் மண்டையைப் பிளக்கிற வானத்தின் கீழ் மாடிக்குத் தார்ப்பாய் போர்த்திய மனிதரைப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாந்தாரே, வீட்டுக்குக் குளிருதா?" என்று கேட்டார். தாள் அன்றும் வியர்த்தது.

தினமும் மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை ஆஸ்பத்திரியில் பார்வை நேரம். போனதும் அவள் கேட்பாள்.

"எப்படி இருக்கு?"

"காயுது."

"எத்தனை நாளா காயுது? நான் ஊறப்போட்டுப் போன புளியா அது?"

அவர் வார்டின் சீலிங்கைப் பார்ப்பார். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அதோ அந்த மூலையில பட்டி பாத்தவன் பாதியில தூங்கிட்டான்" என்பாள். "இந்த ட்யூப்லைட் பக்கம் தேய்க்கவே இல்ல. ராத்திரி லைட் போட்டா மலை மலையா நிழல் விழுது. எண்ணிட்டேன், அறுபத்தேழு."

"அறுபத்தெட்டு" என்றார் அவர் ஒருநாள், தன்னையறியாமல். "ஸ்க்ரீன் கம்பிக்கு மேல ஒண்ணு."

அவள் உற்றுப் பார்த்தாள். இருந்தது. அன்றைக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. ஆனால் கிளம்பும்போது, "இன்னும் பதினாறு நாள்தான். அக்கா கட்டில்கூட எடுத்துப் போட்டுட்டாளாம்" என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள், இருபத்தேழாம் நாள், ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வார்டைக் கழுவுகிறார்களாம், இன்றைக்குப் பார்வையாளர் கிடையாது. அண்ணாந்தார் தூக்குப்பாத்திரத்தைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பினார். வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே யாரோ சன்னமாகச் சீட்டியடிக்கும் சத்தம். அதோடு 'புஸ், புஸ்' என்று இன்னொரு சத்தம்.

படுக்கையறையை எட்டிப் பார்த்தார். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஃபேன் நின்றிருந்தது. ஏணியின் உச்சியில் கொத்தனார், முதுகில் செடிக்கு மருந்தடிக்கும் பம்பைக் கட்டிக்கொண்டு, சீலிங் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டுவதுபோல் அத்தனை பதவிசு, அத்தனை பாசம்.

நாலு வருஷத்து மௌனம் அங்கேயே உடைந்தது.

"அடேய் பாவி! என்னடா பண்றே!"

கொத்தனார் ஏணியில் ஆடி, கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாமா! ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

"எத்தனை நாளா இந்தத் திருப்பணி?"

"பூசின நாள்லேர்ந்து. தினம் நாலரைக்கு. அக்கா சாவி ஒண்ணு எங்கிட்ட இருக்குல்ல."

"ஒரு வாரம்தானேடா தண்ணி காட்டணும்!"

"ஒரு வாரத்துல நிறுத்தலாம்னுதான் நெனைச்சேன், மாமா. பதின்மூணாம் நாள் வந்து பாத்தா நீங்க பாலித்தீன் ஒட்டி வெச்சிருந்தீங்க. ஈரம் போயிடக்கூடாதுன்னு மூடி வெச்சிருக்கார், இன்னும் பதமாகணும்னு நெனைக்கிறார் போலன்னு நானும் விட்டுடாம அடிச்சேன்."

அண்ணாந்தார் கட்டிலில் உட்கார்ந்தார். "அது காஞ்சிடுச்சான்னு பாக்க ஒட்டினதுடா."

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லலியே."

"ஜன்னல்?"

"காத்து பட்டா பூச்சு வெடிக்கும். நான்தான் சாத்தினேன். நீங்க மறந்து மறந்து தெறந்து வெச்சிட்டுப் போறீங்கன்னு நெனைச்சேன். வயசாவுதுல்ல."

"ஃபேன்?"

"கரண்ட் வீணாப்போவுதேன்னு..."

"தரையில ஒருநாள்கூட ஈரம் பாக்கலியே!"

"தொடைச்சிட்டுத்தான் போவேன்" என்றார் கொத்தனார், கொஞ்சம் புண்பட்டு. "அக்கா வளத்த பையன் நான். சொட்டு இருந்தா உதைப்பா."

இரண்டு வாரமாக இவர் பகலெல்லாம் காயவைத்தார். அவர் மாலையெல்லாம் நனைத்தார். ஒருவர் வேலையை ஒருவர் இவ்வளவு ஒழுங்காக, ஒருநாள் தவறாமல் கெடுத்துக்கொண்டவர்கள் உலகத்தில் வேறு இருக்க முடியாது. அண்ணாந்தாருக்குக் கோபம் வர வேண்டும். வந்தது வேறு. மாடித் தளத்தில் விரிசல் இல்லை. சீலிங்கில் கோளாறு இல்லை. உடைக்க வேண்டாம், பிரிக்க வேண்டாம். தண்ணீரை நிறுத்தினால் போதும். வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது கழுத்துவரை வந்து, வளைந்த இடத்தில் மாட்டி, இருமலாகி, கண்ணில் தண்ணீராக வந்தது. கொத்தனார் பயந்துபோய் ஏணியிலிருந்து இறங்கினார். பிறகு காரணம் புரிந்து அவரும் சிரித்தார். முதுகுப் பம்பிலிருந்து கடைசித் தண்ணீர் அவர் காலில் வடிந்துகொண்டிருந்தது.

"ஆனா மாமா, ஒண்ணு பாருங்க" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மறுபடி ஏணியேறி, இடுப்பில் செருகியிருந்த கரணையின் காம்பால் சீலிங்கைத் தட்டினார். 'டங்' என்றது. மலையைத் தட்டியதுபோல. "மூணு வாரம் தண்ணி குடிச்சிருக்கு. ஒரு மயிரிழை விரிசல் காட்டுங்க, கரணையக் கீழ போட்டுடறேன்."

அவர் இறங்க, அண்ணாந்தார் ஏணியில் ஏறித் தேடினார். பருக்கள் இருந்தன, துளைகள் இருந்தன, தொப்பை இருந்தது. விரிசல் மட்டும் இல்லை. "பூச்சு நல்லா பிடிச்சிருக்கு" என்று முதல்முறையாகச் சொன்னார். கொத்தனார் அதைக் கேட்டுவிட்டு, ஏதோ தேடுவதுபோல் பம்பைக் கழற்றப் போய்விட்டார்.

எட்டு நாள் காற்று அடித்தது. தாள் ஒன்பதாம் நாள் காலை உலர்ந்து சருகாக இருந்தது. அண்ணாந்தார் அதைக் கிழித்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். மிச்சம் ஒரு வாரம்.

அந்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து உழைத்தார்கள். முதலில் சுரண்டியால் மணல் பருக்களை உதிர்த்தார்கள். கரணை வரிகளைச் சாணைக்கல் துண்டால் தேய்த்தார்கள். இரண்டு இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கொத்தனார் பழக்க தோஷத்தில் ஈரத்துணியை எடுத்தார். அண்ணாந்தார் பார்த்த பார்வையில் துணி தானாகவே காய்ந்துவிட்டது. உலர்ந்த பிரஷ்ஷால்தான் தட்டி எடுத்தார்கள். பிறகு ஜன்னலைச் சாத்தி, அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சீலிங்கோடு ஒட்டிப் பிடித்தார்கள். நேரே பார்த்தால் தெரியாத மேடும் பள்ளமும் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விரித்துக்கொண்டு எழுந்து நின்றன. கொத்தனார் டார்ச் பிடிக்க, அண்ணாந்தார் பென்சிலால் வட்டம் போட்டார். நூற்று முப்பத்தொன்று.

"இவ்வளவா?" என்றார் கொத்தனார், ஈனசுரத்தில்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி இருநூறு இருந்துச்சு."

"எண்ணினீங்களா?"

"எண்ணாமலா நாத்து நடச் சொன்னேன்?"

பட்டி முதல் கையை நீளவாக்கிலும், இரண்டாம் கையைக் குறுக்காகவும் இழுத்தார்கள். காய்ந்ததும் உப்புத்தாள். தூசி பறந்ததில் இரண்டு பேரும் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி ஆனார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, யார் மாமா யார் மச்சான் என்று தெரியாமல் பொதுவாக ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனார். பிரைமரின் முதல் கையைத் தண்ணீர் விட்டு இளக்கமாக அடித்தார்கள், புதுப் பரப்பு குடிக்கட்டும் என்று. அது காய்ந்ததும், அதுவரை ஒளிந்திருந்த ஒன்பது துளைகள் வெளியே வந்தன. அவற்றுக்கும் பட்டி.

தொப்பைதான் மிரட்டியது. கொத்தி எடுத்தால் நல்ல பூச்சு பெயரும். அண்ணாந்தார் அதைத் தொடவில்லை. அதைச் சுற்றி நாலடிக்குப் பட்டியை இழுத்து இழுத்து, ஓரத்தில் காற்று கனத்துக்கு மெலித்து, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியாமல் செய்தார்.

"பளபளன்னு பெயிண்ட் அடிச்சிடலாமா, மாமா? அக்காவுக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும்."

"பளபளப்பு கோள் சொல்லும்டா. மங்கலா அடிச்சாத்தான் நம்ம மானம் நிக்கும்."

நாற்பத்திரண்டாம் நாள் வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரில் அவளை உள்ளே கொண்டுவந்தார்கள். கட்டில் பக்கத்தில் நிறுத்தி இறக்கப் போனார்கள்.

"பொறுங்க" என்றாள் அவள். "பாத்துட்டுச் சொல்றேன். வேற எடத்துக்குப் போக வேண்டியிருக்கும்."

தூக்கி வந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவர்களும் அண்ணாந்தார்கள். அறையில் இருந்த ஐந்து பேரில் நாலு பேர் மேலே பார்த்தார்கள். அண்ணாந்தாருக்கு மட்டும் பார்க்கத் துணிவில்லை. அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கழுத்து அவ்வளவு குனியும் என்று அன்றுதான் அவருக்கே தெரிந்தது.

மூலை மூலையாக அவள் கண் போனது. ஜன்னல் ஓரத்தில் நின்றது, நகர்ந்தது. விளக்குப் பக்கம் நின்றது, நகர்ந்தது.

"அம்மா, கை வலிக்குது" என்றார் முன்னால் பிடித்திருந்தவர்.

"நாப்பத்திரண்டு நாள் எனக்குக் கால் வலிச்சுது. ஒரு நிமிஷம்."

கொக்கிக்குப் பக்கத்தில் கண் நின்றது. நகரவில்லை.

"இங்க லேசா ஒரு தொப்பை இருக்கா?"

"என் தப்பு, அக்கா. பூசும்போது கை ஓஞ்சுபோச்சு."

"இல்ல, என் தப்பு. இன்னும் ஒரு கை பட்டி இழுத்திருக்கணும்."

"அது எப்படி மாமா, மேடு என்னோடது."

"மறைக்கறது என் வேலைடா."

அவள் சீலிங்கை விட்டுவிட்டு இந்த இருவரையும் பார்த்தாள். நாலு வருஷம் மூடாமல் நடத்திய தபாலாபீஸைப் பார்ப்பதுபோல் மாறி மாறிப் பார்த்தாள். உதடு இழுத்தது. அடக்கினாள். முடியவில்லை. காலை ஆட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்து வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"இறக்குங்கப்பா" என்றாள்.

இறக்கினார்கள். அண்ணாந்தார் தலையணையைச் சரி செய்யக் குனிந்தபோது, ஆஸ்பத்திரிப் பையிலிருந்து எதையோ எடுத்து அவர் சட்டைப் பையின்மேல் அழுத்தி ஒட்டினாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொன்ன அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு சிவப்பு அம்பு. அது அவர் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அவர் அதைப் பிய்க்கவில்லை.

"ஜன்னலைத் தெறந்து வைடா, தம்பி" என்றாள் அவள். கொத்தனார் மாமாவை ஒருமுறை பார்த்து, அவர் தலையாட்டிய பிறகு திறந்தார்.